பெல்ட்டில் கால் வைத்தது

அன்று காலை ஜிம்மில் இருந்தவர்கள்.

மாஸ்டர். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. அப்பா தெர்மல் பிளான்ட்டில் பெர்மனன்ட். குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். எல்லாரையும் அண்ணே என்பார்.

ரிட்டயர்டு சார் ஒருவர். மைன்ஸில் பெரிய வேலையில் இருந்தவர். தெற்கத்திக்காரர். குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகும் ஊருக்குப் போகாமல் இங்கேயே வீடு கட்டிக்கொண்டார். சர்க்கரைக்காகத் தினமும் மெஷினில் நடப்பார்.

பாங்க்கில் வேலை செய்கிற ஒருவர். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இரும்பு தூக்கினார். யாரோடும் பேசவில்லை.

என் மனைவி. அவள் உள்ளே வரவில்லை. மாடிப்படியில், செருப்புகள் கிடக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் பாதியில் இறங்கி ஓடிவிடுவேன் என்று அவளுக்குச் சந்தேகம்.

நான். நாற்பத்தாறு வயது. வேலை போய் நாலு மாதம்.

ஜிம் இருந்தது டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே, ஒரு மெடிக்கல் கடைக்கு மேல் மாடியில். நீளமான அறை. மூன்று பக்கம் கண்ணாடி. எங்கே திரும்பினாலும் நானே நின்றேன். பத்தொன்பது வருஷம் டவுன்ஷிப்புக்குள் போய் வந்தவன் நான். கேட், ஷிப்ட் பஸ், மைன்ஸ், திரும்ப பஸ், வீடு. அதைத் தாண்டி ஓர் இடத்திலும் உள்ளே போய் நின்றதில்லை. இந்த இடம் எனக்கு வேறு நாடு மாதிரிதான் இருந்தது. என்ன செய்ய வேண்டும், எங்கே கையை வைக்கலாம், எதுவும் தெரியவில்லை.

லுங்கியோடு வரக்கூடாது, ஷூ போட்டு வரவேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். காண்ட்ராக்டில் கொடுத்த நீலப் பேன்ட் இருந்தது. சேஃப்டி ஷூ இருந்தது. போட்டுக்கொண்டு போனேன்.

மாஸ்டர் என் காலைப் பார்த்தார்.

"அண்ணே, இது ஜிம்முண்ணே. மேலேருந்து கல்லு எதுவும் விழாது."

"வேற ஷூ இல்ல."

"சரி, பரவால்ல. இன்னா வெயிட்டுண்ணே இது. இதை மாட்டிகினு நடந்தாலே ஒரு எக்சர்சைஸ்தான்."

சிரித்தார். நல்ல பையன்தான். நான் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் இரண்டு ட்ரெட்மில் இருந்தன. ஒன்றில் சார் நடந்துகொண்டிருந்தார். அவர் காலுக்கு அடியில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. என் கண் அதில்தான் இருந்தது.

நான் எதற்கு அங்கே போனேன் என்று சொல்ல வேண்டும்.

காண்ட்ராக்ட் மாறியது. புதிதாக எடுத்தவர் பழைய ஆட்களில் பாதிப் பேரை வைத்துக்கொண்டார். நான் மிச்சப் பாதி. யாரிடம் போய்க் கேட்பது. கேட்டவர்களும் திரும்பித்தான் வந்தார்கள்.

காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். முதல் ஷிப்ட் பழக்கம். எழுந்து பல் விளக்கிவிட்டு உட்காருவேன். போக இடம் இருக்காது. மனைவி எழுந்து சோறு வடிப்பாள். இரண்டு டப்பாவில் கட்டுவாள். ஒன்று படிக்கிற சின்னவளுக்கு. ஒன்று அவளுக்கு. எனக்கு டப்பா கட்டுவது நின்றுபோயிற்று. அதை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் காடாம்புலியூர் பக்கம் முந்திரி உடைக்கப் போக ஆரம்பித்தாள். வேறு வேலைக்கு அலைந்தேன். கட்டட வேலைக்கு இளசுகளைக் கூப்பிட்டார்கள். வாட்ச்மேன் வேலைக்குத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். வந்து சொல்கிறேன் என்றவர்கள் வரவில்லை.

அப்போதுதான் பண்ருட்டியில் ஒரு ஏஜென்ட் சொன்னார். ஓமான். மலையில் கல் உடைத்து சிமெண்ட் ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள். எல்லாம் பெல்ட்டில். பெல்ட் தெரிந்த ஆள் வேண்டும். போனிலேயே முகம் பார்த்துப் பேசினார்கள். அந்தப் பக்கம் இருந்தவர் கேரளாக்காரர். ரோலர் சிக்கிக்கொண்டால் எப்படித் தெரியும் என்று கேட்டார். சத்தம் மாறும் என்றேன். பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால் என்ன செய்வாய் என்றார். சொன்னேன். இந்த ஆள் வரட்டும் என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டார்.

மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. நாற்பத்தைந்து தாண்டிவிட்டால் ட்ரெட்மில் டெஸ்ட் கட்டாயம்.

"ஒம்பது நிமிசம்ணே," என்றார் ஏஜென்ட். "மெஷின் மேல ஏறி நடக்கணும், ஓடணும். நெஞ்சுல ஒயரு ஒட்டிப் பாப்பாங்க. ஒம்பதுக்குக் கொறைஞ்சா அவங்க பேப்பரைத் திறந்துகூடப் பாக்க மாட்டாங்க. போன மாசம் சேத்தியாத்தோப்பு ஆளு ஒருத்தரு மூச்சு வாங்கிகினு நின்னுட்டாரு. போச்சு. மூணு வாரம் இருக்கு. ஏதாவது ஜிம்முல சேந்து பழகிக்குங்க."

வேலையே பெல்ட். அந்த வேலைக்குப் போக ஒரு பெல்ட்டில் ஏற வேண்டும்.

ஜிம்முக்குப் பணம் மனைவிதான் கட்டினாள். எங்கே புரட்டினாள் என்று கேட்கவில்லை.

மைன்ஸில் இருக்கிற பெல்ட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு ஆள் குறுக்கே படுத்தாலும் இடம் மிச்சம் இருக்கும். கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை ஓடும். வெட்டின மண்ணும் கரியும் அதில்தான் போகும். அடியில் சிந்துகிற மண்ணை வாருவது எங்கள் வேலை. பெல்ட்டைத் தாங்குகிற ரோலர் கெட்டுப்போனால் மாற்றுவதும் நாங்கள்தான்.

முதல் நாள் மேஸ்திரி எங்களைப் பெல்ட் ஓரத்தில் நிறுத்தினார். ஒரு மரக்கட்டையை எடுத்து மேலே போட்டார். அது போயிற்று. கடைசியில் பெல்ட் மடங்கித் திரும்புகிற இடத்தில் உள்ளே விழுந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை.

"பாத்துக்கினீங்களா? ஓடுனாலும் கால் வெக்காத. நின்னாலும் கால் வெக்காத. உன்னைக் கேட்டுகினு அது ஓடாது."

பாடம் அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் இரும்புப் பாலம் ஏறி இறங்குவோம். கைக்கு எட்டுகிற தூரத்தில் ஸ்பேனர் கிடந்தாலும் பாலம்தான். பெல்ட்டின் இரண்டு பக்கமும் கயிறு ஓடும். இழுத்தால் நின்றுவிடும். ரோலரில் கை வைப்பதற்கு முன்னால் கரண்டை நிறுத்தி ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை நம் பையில் போட்டுக்கொள்வோம். அப்போதும் ஒரு ஆள் கயிற்றின் பக்கத்தில் நிற்பான். அவன் வேறு வேலை பார்க்கக்கூடாது. பீடி பிடிக்கக்கூடாது. நிற்க வேண்டும்.

என் கண்ணெதிரில் யாருக்கும் எதுவும் ஆனதில்லை. இப்படி இருந்ததால்தான் ஆகவில்லை.

பத்தொன்பது வருஷம் நான் பெல்ட்டில் கால் வைத்ததில்லை.

"வாங்கண்ணே, ஏறுங்க," என்றார் மாஸ்டர். "ரொம்ப ஸ்லோவா போட்டிருக்கேன். எறும்பு மாதிரி போவும்."

நான் மெஷினுக்குப் பின்னால் நின்றேன். பெல்ட் என்னைப் பார்த்து ஓடிவந்து அடியில் போய்க்கொண்டிருந்தது. காலைத் தூக்க நினைத்தேன். கால் எழவில்லை. நான் பயந்தேன் என்று சொல்ல முடியாது. பயம் தெரிந்தால் அடக்கலாம். இங்கே கால் என்னைக் கேட்காமல் நின்றுவிட்டது.

"ஏண்ணே?"

"இருங்க."

"மூட்டு வலியா?"

"இல்ல."

அந்த நேரம் பக்கத்து மெஷினில் சாரின் துண்டு நழுவி விழுந்தது. பெல்ட்டில் விழுந்து பின்னால் போயிற்று. சார் நடந்துகொண்டே ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பிக் குனிந்தார்.

அந்த மெஷினில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. உள்ளே வந்ததும் நான் முதலில் பார்த்தது அதைத்தான். என் கை அதற்குப் போயிற்று. இழுத்துவிட்டேன்.

பெல்ட் டக்கென்று நின்றது. சார் நிற்கவில்லை. முன்கம்பியில் நெஞ்சு மோதி, மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து, ஒரு முட்டி தரையில் படிய உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியின் ஒரு பக்கம் உடைந்துபோயிற்று.

பாங்க்காரர் இரும்பைக் கீழே வைத்தார். அப்போதும் பேசவில்லை.

"யாருல இவன்?" என்றார் சார். கோபத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "கோட்டி பிடிச்சவனா? கொல்லப் பாக்கான்யா!"

"சாரி சார், சாரி சார், புதுசு சார்," என்று மாஸ்டர் அவரைத் தூக்கினார். என் பக்கம் திரும்பினார். "ஏண்ணே இழுத்தீங்க?"

"குனிஞ்சாரு."

"குனிஞ்சா?"

"பெல்ட்டு ஓடும்போது குனியக்கூடாது."

சார் உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு என் பேன்ட்டைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். எங்கிருந்து வந்தவன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மைன்ஸா?"

"ஆமாங்க. பெல்ட்டுல."

"காண்ட்ராக்டா?"

"இருந்தேங்க."

சார் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"அங்க இழுக்கணும். இங்க இழுக்கக் கூடாது. விளங்குதா?"

"சரிங்க."

"மாஸ்டர், நான் வார நேரத்துக்கு இந்த ஆள் உள்ள வரப்படாது. அம்புட்டுத்தான். பணத்தைத் திருப்பிக் குடுப்பியோ, வேற நேரம் குடுப்பியோ, உம்பாடு."

நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். மனைவி படியில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா சத்தம் அது? யாரு வுழுந்தது? நீயா?"

"சாரு."

"நீ தள்ளுனியா?"

"கயித்த இழுத்தேன்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"மொத நாளே ஆபீசரைக் கவுத்துட்டு வந்துட்டியா. இதை வேலையில இருக்கும்போதே செஞ்சிருக்கலாம் இல்ல?"

படியில் இறங்கும்போது நின்றாள். சிரிப்பு போய்விட்டது.

"ஏறுனியா, இல்லியா?"

நான் அவளைத் தாண்டி இறங்கினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

மாஸ்டர் சாயங்காலம் போன் செய்தார். மதியம் இரண்டு மணிக்கு வரச் சொன்னார். முதல் ஷிப்ட் விட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிற நேரம். இரண்டாவது ஷிப்ட் ஆட்கள் உள்ளே போயிருப்பார்கள். ஜிம்மில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஷிப்ட் பஸ்கள் ஆர்ச் கேட்டைத் தாண்டும். என்னோடு வேலை செய்தவர்கள் ஜன்னலில் இருப்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பேன். ஒருநாள் ஒருவன் பார்த்துவிட்டான். பஸ் வளைவில் மெதுவாகப் போனபோது தலையை வெளியே விட்டுக் கத்தினான்.

"இன்னா மாமா, ஜிம்முக்கா? வேல போனப்புறம் ஒடம்பு வளக்கிறியா? சினிமாவுல கூப்ட்டாங்களா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. அவன் கெட்டவன் இல்லை. என் இடத்தில் அவனும், அவன் இடத்தில் நானும் இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

மதியம் போயும் ஒன்றும் நடக்கவில்லை. பெல்ட்டுக்கு இரண்டு பக்கமும் கால் வைக்க இடம் உண்டு. அதில் நிற்பேன். நடுவில் வைக்க முடியாது. மாஸ்டர் பாட்டுப் போட்டுப் பார்த்தார். கண்ணை மூடச் சொன்னார். கையைப் பிடித்து இழுத்தார். நான் உடம்பை விறைத்துக்கொண்டேன். அவரால் அசைக்க முடியவில்லை.

"அண்ணே, உங்களுக்கு ஜிம்மே தேவையில்லண்ணே. இவ்ளோ ஸ்ட்ரென்த்து இருக்கு. கால் மட்டும்தான் வர மாட்டேங்குது."

"நிறுத்தி வெச்சுப் பாக்கலாமா?"

நிறுத்தினார். நின்ற பெல்ட்டிலும் கால் வைக்க முடியவில்லை. அவருக்கு அலுத்துவிட்டது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார்.

"பாருங்க. கரண்டே இல்ல. இனி இது வெறும் பாய்தான்."

"அதை என்கிட்ட குடுங்க," என்றேன்.

"எதை?"

"பிளக்கை."

கொடுத்தார். ஒயர் கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது. பிளக்கைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஏறினேன். இரண்டு காலும் பெல்ட்டில் இருந்தன. மாஸ்டர் கை தட்டினார். எனக்கு முதுகெல்லாம் ஈரம். பிளக்கை விடாமல் அப்படியே நின்றேன். வெளியே பஸ் போகிற சத்தம் கேட்டது. இறங்கினேன்.

அன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் பிளக் கையில் இருந்தால் மெஷின் ஓடாது. ஓடாவிட்டால் டெஸ்ட் இல்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

இரண்டு வாரம் போய்விட்டது. ஏஜென்ட் போன் செய்து தேதி சொன்னார். கடலூரில் ஒரு ஆஸ்பத்திரி. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்.

"பழகிட்டீங்களாண்ணே?"

"பழகிகினு இருக்கேன்."

மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் முந்திரிக்குப் போகவில்லை. மதியம் என்னோடு கிளம்பினாள். இந்தத் தடவை படியில் உட்காரவில்லை. நேராக உள்ளே வந்தாள். மெஷினைப் பார்த்தாள்.

"இதானா? இதுக்கா இவ்ளோ நாளு?"

"அக்கா, ஷூ போடாம ஏறக் கூடாதுக்கா," என்றார் மாஸ்டர்.

"எங்காலு போதும் தம்பி. போடு."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். பெல்ட் ஓடியது. நடந்தாள். முதலில் கொஞ்சம் தடுமாறினாள். பிறகு சரியாகிவிட்டது. என் கை அந்த மெஷினின் சிவப்புக் கயிற்றில் இருந்தது. இழுக்கக் கூடாது இழுக்கக் கூடாது என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டு நின்றேன்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் போறாப்ல இருக்கு," என்றாள். "நடந்துகினே இருக்கேன், பஸ்ஸு மட்டும் வரல."

மாஸ்டர் சிரித்தார்.

"சிரிக்காத தம்பி. இந்தாளைப் பாரு. எந்த ஊர்லயாச்சும் பெல்ட்டுல ஏர்றதுக்குக் காசு கட்டிட்டு, ஏறாம நிக்கிற ஆளை நீ பாத்திருக்கியா?"

அவள் நடந்துகொண்டே இருந்தாள். வேர்த்தது. மூச்சு வாங்கியது. நிறுத்தட்டுமா என்று மாஸ்டர் கேட்டார். வேண்டாம் என்றாள்.

"யோவ். இங்க பாரு."

பார்த்தேன். கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து விரித்துக் காட்டினாள். முந்திரித் தோலின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்து, உள்ளங்கை உரிந்திருந்தது.

"நாலு மாசமா இதைப் பாத்துகினுதான இருக்க? நான் ஏதாவது சொன்னேனா? சொல்லல. இப்ப சொல்றேன். நீ ஏறாம நான் எறங்க மாட்டேன். வுழுந்தா வுழறேன்."

அவள் சொன்னால் செய்வாள். கால் பின்ன ஆரம்பித்திருந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்தார். அடுத்த மெஷின் காலியாக நின்றது.

"கயிறு," என்றேன்.

"இன்னா கயிறு?"

"யாராவது கயித்தைப் பிடிச்சுகினு நிக்கணும். வேற வேல செய்யக்கூடாது."

அவள் நடந்தபடியே கையை நீட்டி என் மெஷினின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடிச்சாச்சு. ஏறு."

ஏறினேன். மாஸ்டர் ஸ்விட்சைப் போட்டார். பெல்ட் என் காலைப் பின்னால் இழுத்தது. நான் மறு காலை முன்னால் வைத்தேன். அதையும் இழுத்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தேன். கம்பி உடைந்துவிடும் போல் இருந்தது. நடந்தேன். மாஸ்டர் அவள் மெஷினை நிறுத்திவிட்டார். அவள் இறங்கிக் கயிற்றை விடாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கீழப் பாக்காத. எதிர்ல பாரு."

எதிரில் கண்ணாடி. அதில் நான் நடந்துகொண்டிருந்தேன். எங்கேயும் போகவில்லை.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். மதியக் கூலி போயிற்று. அவள் கயிற்றைப் பிடித்தால் நான் நடப்பேன். மாஸ்டர் பிடித்தாலும் நடப்பேன். மெஷினைத் தூக்கி மேடு மாதிரி வைத்தார்கள். ஏறினேன். வேகம் வைத்தார்கள். ஓடினேன். ஒன்பது நிமிடம் தாண்டியும் ஓடினேன். மூச்சு வாங்கவில்லை. நாற்பத்தாறு வயது ஆனாலும் மண் வாரின உடம்பு. மாஸ்டர் தோளில் தட்டினார். கயிற்றை விட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்க்கிறேன் என்று ஒருநாள் சொன்னார். விட்டார். நான் உடனே பெல்ட்டின் ஓரக் கட்டைக்கு இறங்கிவிட்டேன். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டெஸ்ட்டில் பக்கத்தில் ஆள் இருப்பார்கள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடலூர் போனோம். முதல் பஸ். மனைவி எனக்கு வேறு ஷூ வாங்கியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். நெஞ்சு முடியை மழித்தார்கள். ஒயர் ஒட்டினார்கள். கையில் பிரஷர் பட்டை சுற்றினார்கள். மெஷின் ஜிம்மில் இருந்ததைவிடப் பெரிது. பெல்ட் அகலம். சுற்றிப் பார்த்தேன். கயிறு இல்லை. ஒரு சிவப்புப் பொத்தான் மட்டும் இருந்தது. அது நர்ஸ் பக்கம்.

"கயிறு இல்லீங்களா?"

"என்ன கயிறு?" என்றார் நர்ஸ்.

"நிறுத்துற கயிறு."

"அதெல்லாம் நாங்க பாத்துப்போம். நீங்க நடந்தா போதும்."

நர்ஸ் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மா பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தான் மேல் யார் கையும் இல்லை.

ஏறினேன்.

யாரும் நம்ப மாட்டார்கள். கால் எழுந்தது. மனைவி வெளியே பெஞ்சில் இருக்கிறாள், அவள் கையில் கயிறு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெல்ட் ஓடியது. நடந்தேன். முதல் மூன்று நிமிடம் போயிற்று. முன்பக்கம் தூக்கிக்கொண்டது. வேகம் ஏறியது. பட்டை கையை இறுக்கியது.

"பயமா இருக்கா?" என்றார் டாக்டரம்மா.

"இல்லீங்க."

"நெஞ்சு வலி?"

"இல்லீங்க."

"கம்பியை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க. லேசா தொட்டாப் போதும்."

லேசாகத் தொட்டேன். நெஞ்சு அடித்தது. எனக்கே கேட்டது. கால் நன்றாகத்தான் போயிற்று. மூச்சு வந்தது. மறுபடியும் முன்பக்கம் தூக்கியது. இப்போது ஓட வேண்டும். ஓடினேன். பட்டை மறுபடியும் இறுக்கியது. நர்ஸ் ஒரு எண்ணைச் சொன்னார். டாக்டரம்மா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். நர்ஸ் அதைவிடப் பெரிய எண் ஒன்றைச் சொன்னார்.

"நிறுத்துங்க."

"நான் போவேங்கம்மா. காலு நல்லாருக்கு."

"கால் நல்லாத்தான் இருக்கு. பிரஷர் ரொம்ப ஏறுது. நிறுத்துங்க, சிஸ்டர்."

பெல்ட் மெதுவாக நின்றது. மெஷின் கீழே இறங்கியது. நான் இறங்கவில்லை. நின்ற பெல்ட்டின் நடுவில் இரண்டு காலையும் வைத்து நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னொரு வாட்டி போடுங்க."

"இன்னிக்கு முடியாதுங்க. இறங்கி உட்காருங்க."

"ஒரே ஒரு வாட்டிங்க."

"அய்யா, சொன்னா கேளுங்க. உங்களுக்கு முன்னாடியே பிரஷர் உண்டா? மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"பார்த்ததில்லீங்க."

"எதுக்கும் டென்ஷன் ஆனீங்களா?"

அது நோயா, பெல்ட்டா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அம்மா, இது நெஞ்சு நோய் இல்லை, காலுக்கு அடியில் பெல்ட் ஓடினால் எனக்கு இப்படித்தான் அடிக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பேப்பரில் அதை எழுதுவார். பெல்ட்டைக் கண்டால் நெஞ்சு அடிக்கிறவனைப் பெல்ட் வேலைக்கு யார் எடுப்பார்கள். சொல்லாவிட்டால் நெஞ்சு நோய்க்காரன். அவனையும் எடுக்க மாட்டார்கள்.

"இல்லீங்க," என்றேன்.

வேறு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். ஓய்வு எடுக்கச் சொன்னார். நாலு மாதமாக அதைத்தான் செய்கிறேன் என்று சொல்லவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். எழுந்தாள். பை, தண்ணீர் பாட்டில், கட்டிக்கொண்டு வந்த சோறு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள்.

"ஏறுனியா?"

"ஏறுனேன்."

"யாரு கயித்தைப் பிடிச்சாங்க?"

"யாரும் இல்ல."

"அப்ப சரி," என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பண்ருட்டி பஸ்ஸில் உட்கார்ந்தோம். அவள் ஜன்னல் பக்கம். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தாள். சாப்பிட முடியவில்லை. மூடி அவளிடமே கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். நெல்லிக்குப்பம் வந்தது. கரும்பு லாரிகள் வரிசையாக நின்றன. பஸ் ஊர்ந்து போயிற்று. போன் அடித்தது. ஏஜென்ட். நான் எடுக்கவில்லை. நின்று மறுபடியும் அடித்தது. மனைவி என் பையிலிருந்து போனை எடுத்து, அழுத்தி, என் காதில் வைத்தாள். அவள் கை காதில் பட்டது. சொரசொரப்பாக இருந்தது.

"அண்ணே, முடிஞ்சுதா? அங்கேருந்து இப்பத்தான் கேட்டாங்க. விசா அடிக்கச் சொல்லலாமான்னு. எத்தினி நிமிசம் ஓடுனீங்க?"

லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அது ஓயட்டும் என்று இருந்தேன்.

"அண்ணே? கேக்குதா? எத்தினி நிமிசம்?"

மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போனைப் பிடித்திருந்தாள்.

"ஆறு."